சிற்றில் கட்ட ஒரு முற்றம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்த வகை நம்மிடம் உண்டு. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடசாலையில் படித்தவர்கள் நேயர்களிடையே பலர் இருப்பீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துப் பாடுவது அதன் மரபு. ஐந்தாம் மாதத்தில் தவழ எத்தனித்துத் தலையை அசைப்பது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைய எழுந்து தளர்நடை நடந்து வருவது வருகை. குழந்தை மருத்துவர் ஒருவர் இந்தப் பட்டியலைத் தமது சுவரிலே தொங்கவிட்டாலும் பெரிய பிழை இராது. அவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் இவற்றின் இடத்தில் கழங்கு, அம்மானை, ஊசல் என்று வரும். சிற்றில் என்றால் சிறுவீடு. சிறுமிகள் தெருமணலிலே வீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதைக் காலால் எற்ற வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அடுத்து அவன் சிறிய பறையொன்றை முழக்குகிறான். அதற்கடுத்துச் சிறிய தேரொன்றை உருட்டிக்கொண்டு ஓடுகிறான். வயதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டு முடிந்து ஐந்து தொடங்கும் வரையான காலம் இது. நவீன கல்வியாளர் முன்பள்ளிப் பருவம் என்று சொல்லும் அதே காலம்.

இந்த மூன்று விளையாட்டுகளுக்கும் பொதுவான சில தேவைகள் உண்டு. மண் வேண்டும். சத்தம் போடச் சுதந்திரம் வேண்டும். ஓட இடம் வேண்டும். கூட விளையாட வேறு பிள்ளைகள் வேண்டும். தனியே இருப்பவனுக்கு எற்றுவதற்குச் சிற்றிலும் இல்லை, கெஞ்சுவதற்கு ஆளும் இல்லை. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இவற்றைக் கேட்டு வாங்கவில்லை. தெரு இருந்தது, முற்றம் இருந்தது, அயல்வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இவையெல்லாம் இல்லாத ஓர் இடத்திலே, வத்தளையிலே, மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் குடும்பம் என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

வத்தளை கொழும்பு அல்ல. களனி கங்கையைக் கடந்த மறுகணமே நாம் கம்பஹா மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். ஆனால் வத்தளையின் தமிழர்கள் பெரும்பாலும் கொழும்பையே பார்த்துக்கொண்டு வாழ்பவர்கள். கொட்டாஞ்சேனையிலே வாடகை கட்டுபடியாகாமல் ஆற்றைக் கடந்தவர்கள் சிலர். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின் பின் இடம்மாறியவர்கள் சிலர். யுத்தகாலத்திலே வடக்குக் கிழக்கிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் அறை தேடிக் களைத்து, இங்கே ஒரு துண்டுக் காணியோ மாடிவீடோ எடுத்தவர்கள் சிலர். மலையகத்திலிருந்து கடைவேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்து, பின்பு மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டவர்கள் இன்னும் பலர். ஹெந்தளை, எலகந்தை, ஹேகித்தை, மாபோலை, எந்தேரமுல்லை என்று அவர்கள் பரந்திருக்கிறார்கள். கரையோரக் கத்தோலிக்கத் தமிழர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள்.

வீடுகள் பெருகிய அளவுக்குத் தமிழ் வகுப்பறைகள் பெருகவில்லை. வத்தளைக்குப் போதிய தமிழ்மொழிமூலப் பாடசாலை வசதி வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வந்து வந்து பழகிப்போன ஒன்று. அதைப்பற்றி அரசியல்வாதிகள் பேசுவார்கள், பேசியும் இருக்கிறார்கள். முதலாம் வகுப்புக்கு இடம் இல்லை என்றால் பேசுவதற்காவது ஒரு முகவரி உண்டு, கல்வித் திணைக்களம் என்று. அதற்கு முந்திய இரண்டு வருடங்களுக்கு அந்த முகவரிகூட இல்லை.

இது எப்படி நேர்ந்தது? கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் தொடங்கியபோது, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பதுதான் அதன் பெருமைமிக்க வாசகம். அந்தப் பாலர் வகுப்பு பாடசாலைக்குள்ளேயே இருந்தது. எங்கள் மூத்த தலைமுறை அரிவரி என்று வாஞ்சையோடு சொல்லும் வகுப்பு அது. ஐந்து வயதிலே அரிவரிக்குப் போன பிள்ளை மண்ணிலே விரலால் எழுதியது, பாட்டுப் படித்தது, நித்திரையும் கொண்டது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஆறாக்கியது. 1977 இல் அது மறுபடி ஐந்தாயிற்று. ஆனால் அதற்கிடையிலே நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடம் தேடப் பழகிவிட்டன. அரிவரியின் வேலையைத் தனியார் நேர்சரிகள் எடுத்துக்கொண்டன. காலப்போக்கில் முதலாம் வகுப்பு அரிவரியின் மெத்தென்ற தன்மையை இழந்து, எழுத்துத் தெரிந்த பிள்ளையை எதிர்பார்க்கும் வகுப்பாக மாறியது.

சட்டப்படி பார்த்தால், கட்டாயக் கல்வி 1998 முதல் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வரை. 2016 இல் மேலெல்லை பதினாறாகியது. கீழெல்லை ஐந்திலேயே நிற்கிறது. ஐந்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் மாகாணசபைகளின் பொறுப்பில் ஒரு பங்கும், 1979 இல் சர்வதேச சிறுவர் ஆண்டையொட்டி உருவான சிறுவர் செயலகத்தின் கீழ் ஒரு பங்குமாக இருக்கிறார்கள். மேல்மாகாணம் முன்பள்ளிகளைப் பதிவுசெய்கிறது, மேற்பார்வை செய்கிறது. நல்லது. ஆனால் ஒரு பிரதேசத்தில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இத்தனை இடம் இருக்கவேண்டும், அது இன்ன மொழியில் இருக்கவேண்டும் என்ற கடமை எவர் தலையிலும் ஏற்றப்படவில்லை. ஜேர்மனியில் 1996 முதல் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் பள்ளியில் இடம் கேட்பது சட்டபூர்வமான உரிமை. 2013 இல் அதை ஒரு வயதுப் பிள்ளைக்கும் விரித்தார்கள். இடம் கிடைக்காத பெற்றோர் அங்கே நீதிமன்றம் போகலாம். இங்கே போவதற்கு அயல்வீடுதான் உண்டு.

2016 இல் நாடெங்கும் எடுத்த கணக்கெடுப்பிலே பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட முன்பிள்ளைப்பருவ நிலையங்கள் இருந்தன. எண்ணிக்கை சிறிதல்ல. அவற்றில் மிகப் பெரும்பகுதி தனியாருடையவை. சமய நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்துபவையும் உண்டு. தனியார் நிலையம் சந்தையைப் பார்த்துத்தான் திறக்கும். வத்தளைச் சந்தை ஆங்கிலத்தைக் கேட்கிறது. ஆகையால் நீர்கொழும்பு வீதியிலும் அதன் கிளை ஒழுங்கைகளிலும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்த ஆங்கிலப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. தமிழிலே பேசி, தமிழிலே பாடி, நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய கட்டணத்தில் நடக்கும் பாலர் பாடசாலையில் ஓர் இடம் என்றால்தான் சிரமம் ஆரம்பிக்கிறது.

அந்த இடம் கிடைக்காதவர்கள் செய்வது என்ன என்று பார்த்தேன். பிள்ளையை வானில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்புகிறார்கள் சிலர். தூரம் பத்துக் கிலோமீற்றரும் இல்லை. ஆனால் களனி கங்கையின் மேல் காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தூரத்தைக் கிலோமீற்றரில் அளப்பது வீண்வேலை. 2021 நவம்பரில் கல்யாணி பொன் நுழைவு என்ற புதிய பாலம் திறக்கப்பட்டது. அதிவேகப் பாதையிலிருந்து வருபவர்களுக்கு அது பெரிய உபகாரம். பேலியகொடைச் சந்தியிலே பாடசாலை வானுக்குள் மூத்த பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கு நடுவே நித்திரையாகிச் சாய்ந்திருக்கும் மூன்று வயதுக்காரிக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. மூன்று மணிநேர விளையாட்டுக்கு இரண்டு மணிநேரப் பயணம்!

வேறு சிலர் ஊரிலிருந்து அம்மம்மாவையோ அப்பம்மாவையோ கூப்பிடுகிறார்கள். கிழவி யாழ்ப்பாணத்து முற்றத்தையும் கிணற்றடியையும் விட்டுவிட்டு வந்து, மூன்றாம் மாடியில், கம்பியடித்த பல்கணியிலே, பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள். கதையும் பாட்டும் உண்டு, அதிலே குறைவில்லை. சிற்றில் கட்ட மண்ணும் இல்லை, இடிக்க வர இன்னொரு பிள்ளையும் இல்லை. கிழவி சமையலுக்கு எழும்பும்போது கைத்தொலைபேசி பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது.

இன்னுஞ் சிலர் ஒரு வருடம் பொறுத்திருந்து, நாலு வயதிலே முயற்சி செய்கிறார்கள். பெரும்பாலானோர், கட்டணம் கடன்பட்டாவது கட்டலாம் என்று, வீட்டுக்கு அடுத்திருக்கும் ஆங்கில நேர்சரியிலோ சிங்கள முன்பள்ளியிலோ சேர்த்துவிடுகிறார்கள். இந்த முடிவைத்தான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனென்றால் பெற்றோர் இதை இரண்டு வருடத்துக்கான ஏற்பாடு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள்.

சிங்களம் படிப்பது நல்லது. வத்தளையில் வாழும் தமிழ்ப்பிள்ளை அயலவரோடு சிங்களம் பேசத் தெரியாமல் வளர்வது அதற்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம். ஆங்கிலத்தின் பயனை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் மூன்று வயது என்பது வசனம் வளரும் வயது. ஏன், எப்படி, எப்போது என்று பிள்ளை கேட்கத் தொடங்கும் வயது. அந்தக் கேள்விகளுக்கு ஆசிரியை பிள்ளையின் மொழியிலே பதில் சொல்ல முடியாதபோது, பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறது. அமைதியான பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்று ஆசிரியை பாராட்டும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் மொழியில்லாமல் அமைதியானவர்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு வருடத்தின் பின், பிள்ளை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பழகிவிட்டதே, தமிழ் வகுப்பில் போட்டால் பின்தங்கிவிடுமே என்ற கவலை வருகிறது. அப்போது முதலாம் வகுப்பின் மொழியும் தீர்மானமாகிவிடுகிறது. ஓர் இடத்தட்டுப்பாடு ஒரு குடும்பத்தின் மொழியைத் தீர்மானிப்பது இப்படித்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் வத்தளையிலிருந்து அதே நீர்கொழும்பு வீதியிலே வடக்கே போய்ப் பார்க்கலாம். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையோரத்திலே தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவ சமூகங்கள் நிறைய இருந்தன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குள்ள பாடசாலைகளின் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களமாயிற்று. பிரசங்கமும் செபமும் அவ்வாறே. இரண்டு தலைமுறைக்குள் வீட்டுமொழியும் பெரும்பாலும் மாறிவிட்டது. நீர்கொழும்பு மீனவரிடையே இன்றும் புழங்கும் ஒருவகைத் தமிழை மொழியியலாளர் தனிக் கிளைமொழியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் இலக்கணத்திலேயே சிங்களத்தின் செல்வாக்கு ஏறியிருக்கிறது. யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. மக்கள் தங்கள் வாழ்வுக்கு வசதியானதைச் செய்தார்கள். பள்ளிக்கூடத்து மொழி மாறினால் அடுக்களை மொழி எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அந்தக் கரை ஓர் அளவுகோல்.

இனி, இடம் இல்லாதபோது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். நமக்கு மிகக் கிட்டிய உதாரணம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. வத்தளையில் வாழும் பல குடும்பங்களின் தாய்மாரும் பாட்டிமாரும் அதிலே வளர்ந்தவர்கள். தோட்டத்திலே விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் பெண், கொழுந்துக்கூடையோடு பிள்ளையையும் மலைக்குத் தூக்கிப்போக முடியாது. அதற்காகப் பிறந்தது பிள்ளைக் காம்பரா. பிள்ளை மடுவம் என்றும் சொல்வார்கள். ஒரு நீண்ட அறை, கம்பளியில் கட்டிய ஏணைகள், ஓர் ஆயம்மா. பால்குடிப் பிள்ளைக்காரிகள் இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அதைப் பொற்காலமாக நான் சித்திரிக்கப் போவதில்லை. வெள்ளைக்காரத் தோட்டத்துரைக்கு வேண்டியிருந்தது தாயின் இரண்டு கைகள். பிள்ளையைப் பூட்டிவைக்க ஒரு கொட்டில் போதும் என்று நினைத்தான். அந்தக் கொட்டில்களில் பிள்ளைகள் அழுக்கிலும் சளியிலும் கிடந்த கதைகள் மலையக இலக்கியத்தில் உண்டு. 1992 இல் தோட்டங்களுக்கான நலன்புரி நம்பிக்கை நிதியம் அமைந்த பிறகு அவற்றிற் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, பயிற்சி பெற்ற பெண்களும் விளையாட்டுப் பொருட்களும் சத்துணவும் வந்தன. குறைகள் எவ்வளவோ இருந்தாலும் அந்த ஏற்பாட்டிலே ஓர் அடிப்படைச் சரி இருந்தது: தாய் வேலைசெய்யும் இடத்துக்குப் பக்கத்திலே, தாயின் வேலைநேரம் முழுவதும், தாயின் மொழியிலே பிள்ளைக்கு ஓர் இடம். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு முன்னேறி வந்த மகள் அதை இழந்துவிட்டாள். கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கோ கொழும்பு அலுவலகத்துக்கோ போகும் அவளுக்குப் பகல் பன்னிரண்டுக்கு முடியும் நேர்சரியால் என்ன பயன்?

உண்மையில் மொண்டிசோரி என்று நாம் பெயர்ப்பலகையிலே எழுதும் சங்கதியின் பிறப்பும் இப்படியொரு தேவையில்தான். 1907 ஜனவரி 6 ஆம் திகதி ரோமாபுரியின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பிலே, வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் படிக்கட்டுகளிலே திரிந்து சுவரைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டிட உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதைப் பொறுப்பேற்ற மருத்துவர்தான் மரியா மொண்டிசோரி. சுவரைக் காப்பாற்றத் திறந்த அறை உலகத்தின் கல்வியை மாற்றிற்று! அந்த அம்மையார் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம் காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலே தங்க நேர்ந்தது. அந்த இடைக்காலத்தில், 1944 இல், இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்று நம் ஊரிலே மொண்டிசோரி என்பது கட்டணத்தைக் கூட்டுவதற்கான சொல்லாகிவிட்டது வேறு கதை.

1941 இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகர்ப்புறமான கறோரியிலே, கணவன்மார் யுத்தத்துக்குப் போயிருந்த காலத்தில், சில தாய்மார் கூடி விளையாட்டு மையமொன்றைத் தொடங்கினார்கள். முறைவைத்துத் தாங்களே பிள்ளைகளைப் பார்த்தார்கள். பார்ப்பதற்காகத் தாங்களே படித்தார்கள். அந்த இயக்கம் இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. 1945 ஏப்ரலில் இத்தாலி விடுதலையான சில நாட்களுக்குள், ரெஜியோ எமிலியா நகருக்கு அண்மையிலுள்ள வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், தோற்றோடிய ஜேர்மன் படை விட்டுச்சென்ற டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, குண்டுவிழுந்த வீடுகளின் செங்கல்லைக் கழுவியெடுத்துச் சிறுவர் பள்ளி கட்டினார்கள். செய்தி கேட்டு லொறிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் துவிச்சக்கரவண்டியில் பார்க்கப் போனவர், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பணியிலேயே நின்றுவிட்டார்.

லண்டன் உதாரணம் நமக்கு இன்னும் பொருத்தமானது. 1960 இல் பிரித்தானியக் கல்வி அமைச்சு, அரசாங்க நேர்சரிகளில் இடங்களைக் கூட்டக்கூடாது என்று சுற்றுநிருபம் அனுப்பியது. ஆசிரியர் போதாது, பணம் போதாது என்பது காரணம். பெல் டூட்டாயெவ் என்ற இளம் தாய்க்குத் தன் மகளைச் சேர்க்க இடம் கிடைக்கவில்லை. அவர் தேவாலய மண்டபம் ஒன்றைப் பெற்று, அயலிலுள்ள தாய்மாருடன் சேர்ந்து ஒரு விளையாட்டுக் குழுவை நடத்தினார். 1961 ஓகஸ்டில் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: அரசாங்கம் தரும்வரை நாங்களே செய்கிறோம், செய்ய விரும்புகிறவர்கள் எழுதுங்கள் என்ற கருத்துப்பட. பத்திரிகைக்கு வாசகர் எழுதும் ஒரு கடிதம், நேயர்களே! நாடெங்கிலுமிருந்து தாய்மார் பதில் எழுதினார்கள். அடுத்த வருடம் சங்கம் அமைந்தது. பத்தாண்டில் ஆயிரக்கணக்கான மண்டபங்களில் காலைநேரத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

இதிலே எனக்குப் பிடித்தது, அவர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார் என்பது. ஒரு கையால் குழுவை நடத்தினார். மற்றக் கையால் அரசாங்கத்துக்கு மனுவில் கையொப்பம் திரட்டினார். நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவுடன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் ஒதுங்கிவிடும் அபாயம் உண்டு. அங்கும் ஓரளவு அப்படித்தான் நடந்தது. சம்பளமில்லாத பெண்களின் உழைப்பிலே நெடுங்காலம் அந்த ஏற்பாடு நின்றது. வேலைக்குப் போகும் தாய்க்கு அதிலே இடம் குறைவு.

இந்தியாவிலே தாராபாய் மோடக் அம்மையாரின் வழி வேறு. பாவ்நகரிலே கிஜுபாய் பதேக்காவோடு பணியாற்றிய அனுபவத்தோடு, 1945 இல் மகாராஷ்டிரக் கரையோரக் கிராமமான போர்டியில் தொடங்கினார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று கண்டபோது, பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய முற்றத்துக்கே போனார்கள். மாடுமேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலே பாடம் நடந்தது. கடையில் வாங்கும் உபகரணத்துக்குப் பதில் விதையும் கூழாங்கல்லும் இலையும். அங்கன்வாடி, அதாவது முற்றத்துப் பள்ளி, என்ற எண்ணத்தின் வேர் அது. 1975 ஒக்டோபர் 2 முதல் இந்திய அரசு அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது.

வத்தளைக்குத் திரும்புவோம். முற்றம் இல்லை என்றேன். முழுக்க உண்மையல்ல. கோயில் மண்டபங்கள் இருக்கின்றன; திருமணமும் அன்னதானமும் இல்லாத கிழமை நாட்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. அறநெறிப் பாடசாலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கும். தேவாலயங்களின் மறைக்கல்வி அறைகளும் அப்படியே. பள்ளிவாசல்களைச் சேர்ந்த அறைகளும் உண்டு. ஒரு மண்டபத்தில் பாய் விரித்து, வாசலில் ஒரு பாரம் ஆற்றுமணலைக் கொட்டி, இருபது பிள்ளைகளைச் சேர்த்தால் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் நடக்கும். சிறுபறைக்குப் பழைய பால்மாப் பேணி போதும்.

ஆசிரியை? ஊரிலே உயர்தரம் படித்து, திருமணத்தின் பின் வீட்டோடு இருக்கும் பெண்கள் வத்தளை ஒழுங்கைகளில் குறைவில்லை. இளைப்பாறிய ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளும் இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளி ஆசிரியர்களுக்கான கற்கைநெறியைத் தமிழிலும் நடத்துகிறது. மாகாணத்தில் பதிவு செய்யவேண்டும். அது தொல்லைதான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகளைக் கதவு, மலசலகூடம், வாயிற்படி ஒன்றும் பார்க்காமல் ஓர் அறையில் அடைப்பது சேவையாகாது.

ஊதியம்தான் வெட்கப்பட வேண்டிய விஷயம். முன்பள்ளி ஆசிரியை என்றால் பிள்ளை பார்க்கும் பெண் என்ற எண்ணம் நம்மிடமிருந்து போகவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் எல்லாம் மூடப்பட்டபோது, கட்டணத்தை நம்பியிருந்த இந்தப் பெண்களின் வருமானம் ஒரே நாளில் நின்றது. பின்பு வந்த 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பெற்றோரிடமும் கொடுக்கக் காசு இல்லை. 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலே அவர்களின் மாதக் கொடுப்பனவுக்கு 1,000 ரூபா கூட்டினார்கள். முன்பள்ளிப் பிள்ளையின் காலையுணவுக்கு ஒதுக்கும் தொகை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாகியது. வரவேற்கலாம். அந்த 1,000 ரூபா வத்தளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு எத்தனை நாள் போய்வரப் போதும் என்று அந்த வழியில் போகிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெற்றோரின் ஒரு பயத்தையும் சொல்லவேண்டும். பாய் விரித்த பள்ளியிலே பாட்டும் மண்விளையாட்டும் என்றால் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எழுத்துப் படிப்பிக்கிறீர்களா, வீட்டுவேலை தருவீர்களா என்று கேட்கிறார்கள். முதலாம் வகுப்பு நேர்முகத்துக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யவேண்டுமாம். அரசாங்கப் பாடசாலையின் முதலாம் வகுப்பு நேர்முகத்திலே பரீட்சிக்கப்படுவது பிள்ளையல்ல, தகப்பன். வாக்காளர் இடாப்பிலே பெயர் எத்தனை வருடம் இருக்கிறது, உறுதியா வாடகை ஒப்பந்தமா, மின்சாரப் பற்றுச்சீட்டு யார் பெயரில் என்றுதான் பார்ப்பார்கள். அரைவாசி இடங்கள் அயலில் வசிப்பதற்காகக் கொடுக்கப்படுபவை. மூன்று வயதிலே நாற்பது தரம் அகரம் எழுதி விரல் நொந்த பிள்ளைக்கு அதனால் ஒரு புள்ளியும் கூடாது.

ஆனால் பாட்டுக்கு நம்மிடம் நல்ல சொத்து இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்பைத் தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. கல்வியதிகாரி க. ச. அருள்நந்தி அவர்களின் முயற்சியால் 1930களில் பிள்ளைப்பாட்டு என்ற தொகுதி வந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொல்லிலே பாடவேண்டும் என்பதற்காகவே புலவர்களைத் தூண்டிச் செய்த வேலை. இதே வானொலியிலே வானொலி மாமாவின் குரலுக்காகக் காத்திருந்த தலைமுறை இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டது. அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளையே எழுதியெடுத்தால் ஒரு பாலர் பாடசாலையின் ஒரு வருடத்துக்குக் காணும். மலையகத்துப் பாட்டியின் தாலாட்டும், கிழக்கிலங்கைக்காரியின் கைகொட்டுப் பாட்டும், கரையோரக் கத்தோலிக்கத் தாயின் பாலன் பிறப்புப் பாட்டும் ஒரே மண்டபத்திலே சேரக்கூடிய ஊர் வத்தளையைப் போல வேறு அதிகம் இல்லை. இந்தப் பிள்ளைகள் நாலுவகைத் தமிழ் கேட்டு வளர்வார்கள்.

பாடசாலை ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்குகிறது. விஜயதசமி அதற்கு மூன்று மாதம் முந்தி வரும். ஏடு தொடக்கப் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிவரும் பெற்றோர் எல்லாரும் அன்று காலை ஒரே மண்டபத்தில்தான் இருப்பார்கள். அவர்களில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இடம் தேடுகிறவர் எத்தனை பேர் என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் பெயரெழுதலாம். தேவாலயத்திலே ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கும்போதும் அதைச் செய்யலாம். இருபது பெயர் சேர்ந்தால் மண்டபத்தின் சாவி யாரிடம் என்று விசாரிக்கலாம். பெயர்ப்பட்டியலின் பிரதியொன்றை மாகாண முன்பள்ளி அதிகாரிக்கும், இன்னொன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பலாம்.